கணக்குத் தீர்க்கும் ஞாயிறு

கொழுந்தன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போலப் பொய் சொல்ல ஆரம்பித்தான்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இது இன்னைக்கு நேத்து வந்த பகை இல்லை. ஒரு தங்கப் பதக்கத்துக்காக ரெண்டு பெண் சிங்கங்கள் மோதிக்கிட்ட கதை இது."

போன வருடம் அது வெள்ளிப் பதக்கமாக இருந்தது. அதற்கு முந்தின வருடம் பதக்கமே கிடையாது, ஏதோ ஒரு சவால். திரைக்குப் பின்னால் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்த இடி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கூடத்தில் இன்னும் ஈ காக்கை வரவில்லை. காலி நாற்காலிகளுக்குத்தான் இந்த ஒத்திகை.

இடி என்பது அவளுடைய மேடைப் பெயர். வீட்டில் அவள் மூத்த மருமகள். மாமனார்தான் இந்த மல்யுத்தக் குழுவின் முதலாளி. இளைய மருமகளுக்கு மேடைப் பெயர் ஊசி; மைக் பிடித்திருக்கும் கொழுந்தனின் பெண்டாட்டி. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு காலத்தில் பஸ் பட்டறையாக இருந்த இந்தக் கூடத்தில், ஓரகத்திகள் இருவரும் டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முன்னால் அடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு எத்தனை ஆண்கள் மோதினாலும் கடைசி ஆட்டம் இவர்களுடையது. ஜனம் வருவது அதற்காகத்தான். அந்த நாளுக்கு மாமனார் வைத்த பெயர் கணக்குத் தீர்க்கும் ஞாயிறு. கணக்கு தீராததால் அது வருடா வருடம் வந்துகொண்டிருந்தது.

உண்மைக் கதையில் பதக்கம் எதுவும் இல்லை. ஒரு பூட்ஸ் லேஸ்தான் இருந்தது.

முதல் வருடம் அது வெறும் மல்யுத்தக் காட்சி, பெயர்கூடக் கிடையாது. ஊசி கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளும் ஏற்கெனவே பயிற்சி எடுத்தவள். வந்த வேகத்தில் மேடையேற ஆசைப்பட்டாள். அன்று ஆட்டத்துக்கு முன் அவளுடைய லேஸ் அறுந்துபோனது. யாரையும் கேட்கவில்லை. பெஞ்சுக்கடியில் கிடந்த இடியின் வலது பூட்ஸிலிருந்து லேஸை உருவி, நடுவில் வெட்டி, பாதியைத் தன் பூட்ஸில் கோத்துக்கொண்டாள். இடி வந்து பார்த்தபோது மீதிப் பாதி செத்த புழு மாதிரி பூட்ஸின் நாக்கில் கிடந்தது.

"யாரைக் கேட்டு வெட்டினே?"

"பாதிதானே எடுத்தேன்."

"மீதிப் பாதியை நான் என்ன செய்ய, காதுல மாட்டிக்கவா?"

"உங்களுக்கு அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

இடி அறைந்தாள். மேடை அறைக்கு ஒரு முறை உண்டு. உள்ளங்கையைக் குழித்துக்கொள்ள வேண்டும், தோளுக்குக் கீழே சதைப்பற்றான இடமாகப் பார்த்து அடிக்க வேண்டும், அதே நொடியில் காலால் பலகையை உதைக்க வேண்டும். கேட்கிற சத்தத்தில் பாதி காலுடையது. அன்றைய அறையில் இது எதுவும் இல்லை. அது நேராகக் கன்னத்தில் விழுந்த வீட்டு அறை.

வெளியே கடைசி ஆட்டக்காரர்களில் ஒருவன் வந்து சேராமல், கூட்டம் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் அறை விழுந்த சத்தத்தில் கூடம் சட்டென்று அடங்கியது. மாமனார் தொழில் தெரிந்தவர். திரையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். ஊசியின் கையில் இடியின் முடி இருந்தது, இடியின் கையில் ஊசியின் சட்டைக் கழுத்து. ஜனம் எழுந்து நின்று கத்தியது. "மேல ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார் மாமனார், உதடு அசையாமல். இடி கைக்கு அகப்பட்ட டேப்பை எடுத்து வலது பூட்ஸைச் சுற்றி இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வேன். பேச்சு மட்டும் கிடையாது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள். ஒரு வருடம் ஊசி பிள்ளைத்தாய்ச்சி. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இடியைத் திட்டுவதுதான் அவள் வேலை. எழுதிக்கொடுத்த வசை சீக்கிரமே தீர்ந்துபோக, சொந்தச் சரக்கை அவிழ்த்தாள். சமையலறை, குளியலறை, துணிக்கொடி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அழும் அளவுக்குச் சிரித்தார்கள். இன்னொரு வருடம் கூரை ஒழுகி மேடை வழுக்கியது; திட்டமிட்ட எதுவும் நடக்கவில்லை, ஆளுக்கு ஆள் வழுக்கி விழுந்ததற்குக் கொழுந்தன் மழைப் போர் என்று பெயர் வைத்தான். வேறொரு வருடம் முதல் வரிசையில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் மேடையேறி இருவரையும் விலக்கிவிட்டு, "குடும்பம்னா நாலும் இருக்கும்மா" என்று புத்தி சொன்னார். அவர் சொன்னது சரிதான். அவர் ஒருவர்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டவர்.

வெற்றி முறைவைத்து வந்தது. ஒரு வருடம் இவள், மறுவருடம் அவள். இந்த வருடம் ஊசியின் முறை.

இடி டேப் சுருளின் நுனியைப் பல்லால் கிழித்தாள். வலது பூட்ஸ் முடிந்தது. இடது பூட்ஸுக்குப் போனாள். லேஸ் இரண்டும் பைக்குள் பத்திரமாக இருந்தன. கட்டத்தான் முடியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. டம்ளர் தரையில் உருண்டபோதுதான் அது கையில் இல்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது. வலது கையில் மூன்று விரல்கள் மரக்கட்டை. யாருக்கும் தெரியாமல் எலும்பு டாக்டரிடம் போனாள். அவர் கழுத்துப் படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"என்ன வேலை செய்யறீங்க?"

சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. "இனிமே தலைகீழா ஒரு தடவைகூட விழக்கூடாது. இப்ப விரல்தான் மரத்திருக்கு. விழுந்தா கை காலே வராமப் போகலாம்."

"தலை தரையில படாது டாக்டர். நாலு விரல் இடைவெளி இருக்கும்."

"இடைவெளி தலைக்கு. குலுக்கல் கழுத்துக்குத்தானே?"

அவள் படத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மேடைப் பலகையும் கயிறும் அவர் பொறுப்பு; நல்ல மனுஷன், ஆனால் காதில் விழுந்ததை அப்பாவிடம் கொட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. மாமனாருக்குத் தெரிந்தால் அன்றோடு சரி. பயிற்சிக் கூடத்தில் ஒரு பெண் தயாராக நிற்கிறாள், ஊசிக்கு ஜோடியாக. ஞாயிறு முழுக்க ஊசியுடையதாகிவிடும். இடி டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பாள். யாருடைய அறையிலிருந்து இந்த ஞாயிறே பிறந்ததோ, அவள்.

ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இந்த ஒரு வருடம் தாக்குப்பிடித்துவிட்டால் போதும். அடுத்த வருடம் அவள் முறை. ஜெயித்துவிட்டு, மேடையில் நின்றபடியே, போதும் என்று சொல்லிவிடலாம். ஊசியிடம் தோற்ற வருடத்தோடு மட்டும் போகமாட்டாள். நடுவில் இருந்தது ஒரே ஒரு விழுகை.

கொழுந்தன் மைக்கை வைத்துவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் கண் அவள் காலில் விழுந்தது.

"அண்ணி, டேப்பா? முதல் வருஷம் மாதிரியே. அடடா, இதை நான் பேச்சுல சேர்த்துடறேன். ஜனம் உருகிடும்."

பின்னாலேயே வந்த மாமனாரும் குனிந்து பார்த்தார். "இதுதாம்மா தொழில் புத்தி. சொல்லாமலே தோணியிருக்கு பாரு."

இடி தலையாட்டிவைத்தாள். பழங்காலத்தை நினைத்து அவள் கண்கலங்குகிறாள் என்றுகூட அவர்கள் நினைத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும்.

எதிர் பெஞ்சில் ஊசி கூந்தலை இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தாள். பின்னுகிற கை நின்றது. இடியின் வலது காலைப் பார்த்தாள். பிறகு இடது காலைப் பார்த்தாள். நடுவில் நின்றிருந்த ஒல்லி மனிதனிடம் திரும்பினாள்.

"தபால், முதல் வருஷம் நான் வெட்டினது ஒரு லேஸ்தான். ரெண்டு கால்லயும் எதுக்கு டேப்புன்னு கேளு."

தபால் ஆட்டத்தின் நடுவர். புருஷன்மார்களுக்குத் தூரத்துத் தம்பி. கோடு போட்ட சட்டை மேடைக்கு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் பேசாத இரண்டு பேருக்கு நடுவில் ஓடுவதுதான் பிழைப்பு. அதனால் அந்தப் பெயர்.

"பெரிய அண்ணி, ரெண்டு கால்லயும் எதுக்கு..."

"எனக்குக் காது இருக்கு. ஜோடியா இருக்கட்டும்னு சொல்லு."

"ஜோடியா இருக்கட்டுமாம், சின்ன அண்ணி."

"எனக்கும் இருக்கு காது." ஊசி பின்னலை முடிந்தாள். "முதல்ல கயிறுல மோதறதா, மூலைக்குப் போறதான்னு கேளு."

"கயிறுன்னு சொல்லு."

"மோதிரத்தைக் கழட்டச் சொல்லு. போன வருஷம் பல்லு ஆடிப்போச்சு."

"பல்லு ஆடினது வயசுனாலன்னு சொல்லு."

தபால் அதைச் சொல்லவில்லை. சில தபால்களை அவன் வழியிலேயே கிழித்துப் போட்டுவிடுவான். அவன் வேலையில் அது ஒன்றுதான் சொந்த முடிவு.

"முடிவு கிணறுதான்" என்றார் மாமனார். "வாசல்ல போஸ்டர்லயும் அதான் போட்டிருக்கு. எவளும் மாத்தக் கூடாது."

கிணறு ஊசியின் பிடி. எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, தலையைத் தன் தொடைகளுக்கு நடுவில் கொடுத்து, அப்படியே பொத்தென்று உட்காருவாள். பார்க்கிறவருக்குத் தலை பலகையில் நட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். தலைக்கும் பலகைக்கும் நடுவில் அந்த நாலு விரல். அதைக் காப்பாற்றுவது தூக்குகிறவளின் தொடை. தொங்குகிறவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வாயால் ஒரு வார்த்தை பேசாத ஒருத்தியிடம் இடி ஒன்றுவிட்டு ஒரு வருடம் தன் கழுத்தைக் கொடுத்துவந்தாள். ஊசியும் அந்த நாலு விரலை மூன்றாக்கியது கிடையாது. வெறுப்பு வேறு, வேலை வேறு.

"கிணறு சரியான்னு கேளு" என்றாள் ஊசி. இந்த முறை தபாலைப் பார்க்காமல் இடியையே பார்த்துக் கேட்டாள்.

"ஏன், தூக்க முடியலையாமா? சரின்னு சொல்லு."

மூன்று மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. ஆண்களின் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. கொழுந்தன் தங்கப் பதக்கத்தையும் டேப் சுற்றிய பூட்ஸையும் வாய் வலிக்கச் சொல்லி முடித்ததும், இடி மேடையேறினாள். இரைச்சல் அவள் மார்பில் வந்து மோதியது. இதற்காகத்தான் வருடம் முழுக்க அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

மணி அடித்தது. கயிற்றில் மோதித் திரும்பினாள். ஊசியின் கை வந்தது.

தூசி தட்டுகிற மாதிரி ஓர் அடி.

இடி ஒரு நொடி நடிக்க மறந்து நின்றாள். ஊசியின் அடி எப்படி இருக்கும் என்று அவள் தோலுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறுக்குப் பிறகும் ஒரு வாரம் மார்பில் விரல் தடம் சிவந்து கிடக்கும். ஊசி கொடுத்ததிலேயே பொய்யில்லாத ஒரே சாமான் அதுதான். இடியும் அதற்குச் சரியாகத் திருப்பிக் கொடுத்துவந்தாள்.

இரண்டாவது அடி. அதுவும் பஞ்சு. காலைக்கூடச் சரியாக உதைக்கவில்லை.

"சாப்பிட்டுட்டு வந்து அடிம்மா" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு பரவியது.

தனக்குப் புரிந்துவிட்டது என்று இடி நினைத்தாள். ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்கப் பார்க்கிறாள். கடைசி ஆட்டம் சொதப்பினால் பழி மூத்தவள் மேல்தான் விழும், கிழவிக்கு முடியவில்லை என்பார்கள். லேஸை வெட்டிய அதே புத்தி. இடி ஊசியின் பின்னலைப் பிடித்து இழுத்து, கையைக் குழிக்காமல், காலை உதைக்காமல் அறைந்தாள். முதல் வருடத்து அறை. மரத்த விரல்கள் வழியே அது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஊசியின் கீழுதடு பிளந்து ரத்தம் மோவாயில் இறங்கியது.

கூட்டம் உறுமியது. இப்போது அடிப்பாள், அடித்தே ஆக வேண்டும் என்று இடி மார்பை நிமிர்த்திக் காத்திருந்தாள்.

ஊசி உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் தூசி தட்டினாள்.

"அடிடி" என்றாள் இடி.

அது லேஸ் சண்டைக்குப் பிறகு அவள் ஊசியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. கூட்டத்தின் கூச்சலில் தபாலுக்கு மட்டும் கேட்டது; அவன் வாயைப் பிளந்தான்.

ஊசி பின்னால் வந்து பிடி போட்டாள். கழுத்துப் பிடி அது. எத்தனையோ வருடங்களாக அதே இடம், அதே இறுக்கம். ஆனால் முழங்கை கழுத்துக்கு வரவில்லை. இறங்கி மார்பைச் சுற்றிக்கொண்டது. கயிற்றில் தள்ளியபோது தோளைத் தள்ளினாள். கீழே உருட்டியபோது அவள் உள்ளங்கை இடியின் பின்மண்டைக்கு அடியில் வந்து, பலகையில் தலை படாமல் தாங்கிவிட்டு நழுவியது.

இடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேலி இல்லை இது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு காலிலும் டேப். லேஸ் கட்ட வராத விரல் என்றால் கோளாறு கழுத்தில் என்று இந்தத் தொழிலில் எவளுக்கும் தெரியும்.

தபால் குனிந்து, கண்ணைச் சோதிப்பது போல இமையைத் தூக்கினான். "பெரிய அண்ணி, கிணறு வேணாமாம். ஓரமா உருட்டிப் போட்டு முடிச்சுக்கலாமாம்."

"முடியாதுன்னு சொல்லு."

"சொன்னா கடிச்சிடுவாங்க போல இருக்கு அண்ணி."

"கடி வாங்கு. மாமா சொன்ன முடிவுதான்."

ஊசியின் இரக்கத்தில் தப்பிப் பிழைப்பதைவிடக் கை கால் இல்லாமல் கிடக்கலாம். அந்த நொடியில் இடி அப்படித்தான் நினைத்தாள். எழுந்தாள். தள்ளாடுவது போலப் போய், யாரும் இழுக்காமல் தானே குனிந்து, ஊசியின் முழங்கால்களுக்கு நடுவில் தலையைக் கொடுத்தாள். கூட்டம் "கிணறு, கிணறு" என்று தரையை மிதிக்க ஆரம்பித்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் ஊசிக்கு வேறு வழியில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள்.

உலகம் கவிழ்ந்தது. நாற்காலிகள் மேலே தொங்கின. ஊசியின் மூச்சு கேட்டது, தொடையின் நடுக்கம் கன்னத்தில் பட்டது. ஊசியின் கை வந்து இடியின் வலது கையை அழுத்தியது. இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்: தயாரா? திருப்பி அழுத்தினால் சரி. அழுத்தாதவளை எவரும் கீழே போடுவதில்லை, எவ்வளவு பகையாக இருந்தாலும்.

இடி பலம் கொண்ட மட்டும் திருப்பி அழுத்தினாள். அழுத்தினேன் என்றுதான் நினைத்தாள். விரல்கள் அசைந்தனவா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஊசி மறுபடி அழுத்தினாள். காத்திருந்தாள்.

பிறகு அவளுடைய முழங்கால் ஒரு பக்கமாக மடங்கியது. உட்காரவில்லை, மல்லாக்கச் சாய்ந்தாள், இடியைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி. பலகை அதிர்ந்தது. அடி முழுவதையும் ஊசியின் முதுகு வாங்கிக்கொண்டது. இடி அவள் மேல் குப்புறக் கிடந்தாள், கழுத்து கொஞ்சமும் அசையாமல். ஊசியின் இரண்டு தோளும் பலகையில் இருந்தன; மூன்று எண்ணும்வரை அப்படியே கிடந்தால் தோல்வி.

தபாலின் கை அந்தரத்தில் நின்றது. ஜெயிக்க வேண்டியவள் அடியில் கிடக்கிறாள்.

"எண்ணுடா" என்றாள் ஊசி பல்லிடுக்கில்.

அவன் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று.

ஞாயிறுகளின் வரலாற்றிலேயே இவ்வளவு மோசமான முடிவு வந்ததில்லை. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. காலி பாட்டில்கள் வந்து விழுந்தன. "நாடகம்" என்று கத்தினார்கள், இதுவரை நாடகமே பார்க்காதவர்கள் மாதிரி. மழையில் வழுக்கிய வருடத்தையே பேசிச் சமாளித்த கொழுந்தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச்சு மூச்சற்று நின்றான்.

திரைக்குப் பின்னால் மாமனாரின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"என்ன செஞ்சே சின்னவளே?"

"முட்டி மடங்கிடுச்சு மாமா."

"எத்தனை வருஷமா மடங்காத முட்டி, இன்னைக்கு மடங்குச்சா?"

"மடங்கிடுச்சு."

"முட்டி மடங்கறவளுக்குக் கடைசி ஆட்டம் எதுக்கு? அடுத்த வருஷம் பெரியவளும் அந்தப் புதுப்பொண்ணும் ஆடட்டும். நீ டிக்கெட் ஜன்னலைப் பாத்துக்கோ." வெளியே ஒரு நாற்காலி உடைகிற சத்தம் கேட்டது. அவர் கூட்டத்தைச் சமாளிக்க ஓடினார்.

இடி பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் ஆசைப்பட்டது இலை போட்டுப் பரிமாறின மாதிரி முன்னால் இருந்தது. ஊசி டிக்கெட் ஜன்னலில். தான் கடைசி ஆட்டத்தில், ஜெயிக்கிற முறையில். செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயைத் திறக்காமல் இருப்பது. அதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

ஊசி ஈரத் துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"தபால்" என்றாள் இடி. "அவளை ஏன் அப்படிச் செஞ்சான்னு..." நிறுத்தினாள். தபால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான். "ஏன்டி அப்படிச் செஞ்சே? நான் கேட்டேனா உன்கிட்ட?"

ஊசி துணியை எடுக்காமலே பேசினாள். "உங்களுக்காகச் செஞ்சேன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க கழுத்து ஒடிஞ்சு கட்டில்ல கிடப்பீங்க. சின்னவதான் ஒடிச்சா, வேணும்னே ஒடிச்சான்னு இந்த வீடு ஆயுசுக்கும் சொல்லும். நான் உங்களுக்குக் கஞ்சி ஊத்தணும், பேச்சும் வாங்கணும். எனக்கென்ன தலையெழுத்தா?"

"நான் சொல்லியிருக்க மாட்டேன்."

"நீங்களா? லேஸுக்கே இத்தனை வருஷம் இழுத்தவங்க." ஊசி துணியைப் பிழிந்தாள். "ஒடிக்கணும்னா ஒடிக்க எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு கிணத்துலயும் நெனச்சிருக்கேன். நாலு விரல்தானே, கொஞ்சம் நழுவினா யாருக்குத் தெரியப்போகுதுன்னு. ஆனா கையைப் பிடிச்சா நீங்க திருப்பிப் பிடிப்பீங்க. இன்னைக்குப் பிடிக்கலை. பிடிக்காதவளைப் போட நான் என்ன கசாப்புக்காரியா?"

"பிடிச்சேன்."

"பிடிக்கலை."

இடி தன் வலது கையைப் பார்த்தாள். "மாமாகிட்ட சொல்லப்போறியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? சொன்னா, உங்க இடத்துக்கு ஆசைப்பட்டுக் கோள் மூட்டறான்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும். என் முட்டிதான் மடங்குச்சு. நீங்க அடுத்த வருஷம் சௌகரியமா ஜெயிங்க. நான் ஜன்னல்ல உக்காந்து பாக்கறேன்."

இதைவிட அவள் கிணற்றிலேயே போட்டிருக்கலாம் என்று இடிக்குத் தோன்றியது. அடுத்த வருடம் மேடையில் நின்று கையைத் தூக்கும்போது ஜன்னலிலிருந்து அந்தக் கண் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அடுப்படியில், வேனில், துணிக்கொடியில். ஊசி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டாள். ஊசியின் தயவில் ஜெயித்தவள். இந்தப் பாரத்தை எந்தக் கழுத்தும் தாங்காது.

மாமனார் வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார். பின்னாலேயே கொழுந்தனும், பலகை தட்டிய சுத்தியலோடு இடியின் புருஷனும்.

"மாமா" என்றாள் இடி. "அவ முட்டி நல்லாத்தான் இருக்கு. கெட்டது என் கழுத்து."

சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. டம்ளர், படம், டாக்டர். மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. புருஷன் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்கிட்டகூடச் சொல்லலையே நீ."

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே மைக்ல சொன்ன மாதிரி. உங்க தம்பிக்கு வேலை மிச்சம்."

"அப்ப அந்த டேப்பு?" என்றான் கொழுந்தன்.

"லேஸ் கட்ட வரலைப்பா."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அதை நாலு தடவை உருக்கமாகச் சொல்லியிருந்தான்.

மாமனார் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கோபப்படுவதா கும்பிடுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் தொழிலுக்கே வந்தார். "அப்ப அடுத்த வருஷம்?"

"அவளும் அந்தப் பொண்ணும் ஆடட்டும். ஜன்னல்லயெல்லாம் நான் உக்கார மாட்டேன். கோடு போட்ட சட்டையைக் குடுங்க. நடுவரா நிக்கறேன்."

"அப்ப நான்?" என்றான் தபால்.

"உனக்கு இனிமே மேடையிலயும் வேலையில்லை, கீழேயும் வேலையில்லை. டிக்கெட் கிழி."

"இவங்க நடுவரா?" ஊசி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் ஆட மாட்டேன் மாமா. நான் ஜெயிக்கறப்ப மூணு எண்ணி முடிக்க இவங்களுக்கு மூணு நாளாகும்."

"ஒண்ணு சொல்லிட்டு, போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துதான் ரெண்டு சொல்வேன்."

"பாத்தீங்களா மாமா?"

"ஜெயிக்கறவளா இருந்தா அதுவரைக்கும் அமுக்கிப் பிடிடி."

வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தபால் வழியாகப் போய்க்கொண்டிருந்த காலமே தேவலாம் என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது.

இடி பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள். இறுகிய டேப்பின் நுனி அகப்படவில்லை. விரல்கள் அதன்மேல் வழுக்கின. புருஷன் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, முன்னங்காலின் பக்கத்திலிருந்து தயங்கித் தயங்கி நுழைத்தார்.

"அப்படி வெட்டினா டேப்போட தோலும் வரும்" என்று ஊசி அவர் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். வேண்டாவெறுப்பாகக் குந்தி உட்கார்ந்தாள். "காலை நீட்டுங்க."

"பாத்து. வெட்டறதுல நீ கைதேர்ந்தவளாச்சே."

"ஆடாம இருங்க. இல்லைன்னா விரலும் போகும்."

"விரல் போனா எனக்குத் தெரியக்கூடப் போறதில்லை. தாராளமா வெட்டு."

ஊசி நிமிர்ந்து பார்த்தாள். உதடு வீங்கி ஒரு பக்கமாக இழுத்திருந்தது. "அது கை விரல். இது கால்" என்றாள். கணுக்காலிலிருந்து மேலே ஒரே வெட்டாக வெட்டி, பூட்ஸுக்கு மேலே தோலோடு ஒட்டியிருந்த இடத்தில் டேப்பை வேண்டுமென்றே வெடுக்கென்று பிய்த்தாள்.

சுரீரென்று வலித்தது.

"ம்" என்றாள் இடி. "இப்படி அடிச்சிருக்கணும் மேடையில." அடுத்த காலை நீட்டினாள்.